அழிக்காமல் வாங்கியது

"அழிச்சுத்தான் தருவேன்" என்று கடைக்காரர் ஒற்றைக் காலில் நின்றார். அழிக்காமல்தான் வேண்டும் என்று கண்ணாடிக்காரி அடம்பிடித்தாள். பழைய டேப்லெட் வாங்க வருகிறவர்கள் முன்பு வைத்திருந்தவரின் சுவடே இருக்கக் கூடாதென்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இவள் அந்தச் சுவட்டைத்தான் விலைக்குக் கேட்டாள்.

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃப்ரேமுக்கு ஏற்ப லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவது அவள் வேலை. அதனால் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரி. கணவன் லாரி ஓட்டுகிறவன். கிளம்பினால் வீடு திரும்ப வாரக்கணக்கு ஆகும். ஒரே மகள் சுண்டு. சுண்டுவிரல் போலப் பிறந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆறு வயது முடிந்தும் அவள் ஒரு சொல் பேசவில்லை. காது கேட்கும், சொன்னதெல்லாம் புரியும், கோபம் வந்தால் வீடு ரெண்டாகும். பேச்சு மட்டும் வராது. தன்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் 'அம்மா' என்று கூப்பிட்டால் போதும் என்று கண்ணாடிக்காரி வேண்டாத நாளில்லை.

டேப்லெட் யோசனை பேச்சுப் பயிற்சி டீச்சருடையது. திரையில் வரிசை வரிசையாகப் படப் பெட்டிகள் இருக்கும். தண்ணீர்ப் பெட்டியைத் தொட்டால் "தண்ணி" என்று குரல் வரும். விரல் பேசப் பழகினால் ஒரு நாள் வாயும் பழகலாம் என்றார் டீச்சர். ஆனால் அந்தப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, குரல் பதிந்து நிரப்புவது லேசுப்பட்ட வேலை இல்லை. கடைக்காரரின் அலமாரியில் கிடந்த டேப்லெட்டிலோ யாரோ ஒரு பெண் உட்கார்ந்து, நாற்பத்தைந்து பெட்டிகளையும் தன் சொந்தக் குரலில் பதிந்து முடித்திருந்தாள். கடைசி வரிசை மட்டும் காலியாக இருந்தது.

"வித்தவரு அழிக்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாரும்மா. நானும் சரின்னு தலையாட்டிட்டேன்."

"அவருக்கு எப்படிங்க தெரியப்போகுது? எம் பொண்ணுக்கு இதுதாங்க வாயி. அழிச்சுட்டா நான் முதல்லேருந்து ஆரம்பிக்கணும். எனக்கு ஏதுங்க அவ்வளவு நேரம்?"

கடைக்காரர் இளகிய மனசுக்காரர். அவளுடைய கண்ணையும், மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சுண்டுவையும் பார்த்தார். பெருமூச்சு விட்டுவிட்டு, டேப்லெட்டை அப்படியே உறையில் போட்டுக் கொடுத்தார்.

டீச்சர் மூன்று கட்டளைகள் போட்டிருந்தார். பெட்டிகளை இடம் மாற்றக் கூடாது, ஏனென்றால் விரல் இடத்தைத்தான் நினைவு வைத்திருக்கும். குழந்தை எதைத் தொட்டாலும், தெரியாமல் தொட்டாலும், அவள் கேட்டதாகவே எடுத்துக்கொண்டு உடனே செய்ய வேண்டும். என்ன கோபம் வந்தாலும் டேப்லெட்டைப் பிடுங்கக் கூடாது. பேசுகிற குழந்தையின் வாயை யாராவது பிடுங்கி அலமாரியில் வைப்பார்களா? கண்ணாடிக்காரி இந்த மூன்றையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் சுண்டு பெட்டியைத் தொட்டு 'தண்ணி' என்றாள். கண்ணாடிக்காரி தண்ணீர் கொடுத்தாள். மறுபடியும் 'தண்ணி'. மறுபடியும் கொடுத்தாள். அன்று காலையில் மட்டும் ஒன்பது டம்ளர்; எட்டு டம்ளர் தரையில் போனது. ஈரத்தரையில் உட்கார்ந்து தாயும் மகளும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஒரு மாதத்தில் 'பசி', 'வேணாம்', 'இன்னும்', 'வலிக்குது' எல்லாம் சுண்டுவின் விரலுக்கு வந்துவிட்டன. கண்ணாடிக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒரே ஒரு பெட்டிதான் நெருடியது. முதல் வரிசையில் முதல் பெட்டி, 'அம்மா'. அதில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் படம் இருந்தது. அந்தப் படத்தை எடுத்துவிட்டுத் தன் படத்தை வைத்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் குரலில் 'அம்மா' என்று பதிந்தாள். தொட்டுப் பார்த்தாள். தன் குரல் கேட்டது. நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலையில் சுண்டு அதைத் தொட்டபோது வந்தது அந்தப் பெண்ணின் குரல். படத்தில் கண்ணாடிக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள், பேசியது வேறொருத்தி. சரியாகச் சேமிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் பதிந்தாள். அடுத்த நாளும் அதே கதை. ஐந்து முறை பதிந்தாள், ஐந்து முறையும் குரல் மாறியது. அதைவிட அவளை உறுத்தியது, 'அம்மா' பெட்டியைத் தொட்டுவிட்டு சுண்டு நிமிர்ந்து தன்னைப் பார்க்காமல், திரையையே பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவள் கேட்டிராத ஒரு வாக்கியம் அந்தப் பெண்ணின் குரலில் கூடத்திலிருந்து வந்தது.

"சாப்பிட்டியா?"

ஈரக்கையோடு வந்து பார்த்தாள். காலியாக இருந்த கடைசி வரிசையில் ஒரு பெட்டி முளைத்திருந்தது. படம் இல்லை, வெறும் எழுத்து. சுண்டுவுக்கு எழுத்துத் தெரியாது. அவள் அதைத் தொட்டுக் கேட்டுவிட்டு, நிதானமாக மேலே போய் 'சாப்பாடு' பெட்டியையும் 'ஆச்சு' பெட்டியையும் தொட்டாள். இரண்டு சொல்லைச் சேர்த்து அவள் பேசியது அதுவே முதல் தடவை. டீச்சர் கேட்டிருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். கண்ணாடிக்காரி கையைத் துடைக்கக்கூட மறந்து குனிந்து பார்த்தாள். அவள் கண்ணெதிரிலேயே பக்கத்தில் இன்னொரு பெட்டி வந்தது. சுண்டு தொட்டாள்.

"சமத்து."

அவள் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. டேப்லெட்டில் சிம் கிடையாது. சுண்டு திரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மூன்றாவது பெட்டி வந்தது. "கிட்ட வா." அன்றே வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, எதிர்வீட்டு அக்காவிடம் சுண்டுவை ஒப்படைத்தாள். டேப்லெட்டையும் எடுத்துப்போய்க் கடைக்காரர் முகத்துக்கு நேராக நீட்டத்தான் நினைத்தாள். ஆனால் சுண்டு அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு 'வேணாம்', 'வேணாம்' என்று தொட்டாள். டீச்சரின் மூன்றாவது கட்டளை நினைவுக்கு வந்தது. விட்டுவிட்டுப் போனாள்.

"நெட்டு இல்லாம எப்படிம்மா பெட்டி வரும்?" என்றார் கடைக்காரர். ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு வாதாடவில்லை. பழைய பொருள் விற்க வருகிறவர்களின் அடையாள அட்டை நகலை அவர் ஒரு கோப்பில் வைத்திருப்பார், திருட்டுச் சாமான் தலையில் விழாமல் இருக்க. அதைப் புரட்டி முகவரி எழுதிக் கொடுத்தார். நாலு தெரு தள்ளி ஒரு மருந்துக் கடைக்காரர் வீடு.

நடந்துபோகும்போது அவளாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். ஒரு குழந்தை இறந்துபோயிருக்கும். அதைத் தாங்க முடியாத தாய், எங்கோ இருந்துகொண்டு எப்படியோ இந்தப் பெட்டிகளை அனுப்புகிறாள். பாவம். கோபப்படக் கூடாது, பக்குவமாகப் பேச வேண்டும்.

கதவைத் திறந்தது ஒன்பது வயதுப் பையன். கழுத்தில் புத்தம்புதிய டேப்லெட் தொங்கியது. அவன் ஒரு பெட்டியைத் தொட்டான். "யாரு?" என்று ஓர் இயந்திரக் குரல் கேட்டது.

போட்ட கணக்கு மொத்தமும் தப்பு என்று வாசலிலேயே அவளுக்குத் தெரிந்துபோனது.

பையனுக்குப் பின்னால் வந்த மருந்துக் கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் அவனை உள்ளே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியில் வந்தார்.

"அழிக்கலியா?" என்றார்.

"நான்தான் வேணாம்னு சொன்னேன். உங்க வீட்டுல அவங்க..."

"பதினோரு மாசம் ஆச்சு. காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, உயிரோட திரும்பி வரல. பையன் அந்தக் குரலைத் தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கிட்டே இருப்பான். நானும் கேட்டுட்டுப் போகட்டும்னு விட்டேன்." அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கடைசி வரிசையில வருதா?"

அவள் தலையசைத்தாள்.

"எத்தனை வந்திருக்கு?"

"மூணு. சாப்பிட்டியா, சமத்து, கிட்ட வா."

"நாலாவது, 'வா, போலாம்'. அது வந்த அன்னிக்கு நான் கடையிலேருந்து வந்து பாக்கறேன், மொட்டை மாடி கைப்பிடிச் சுவர் மேல இவன் நிக்கறான். கையில அது. இறங்குடான்னா, 'அம்மா' 'அம்மா'ன்னு அதையே அமுக்கறான்."

"உங்க கையால அழிச்சிருக்கலாமேங்க!" கண்ணாடிக்காரி கத்தியே விட்டாள்.

"எப்படிம்மா அழிப்பேன்? அவ குரல்ல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்." அவர் கண் கலங்கியது. "அதனாலதான் வேற ஒருத்தர் கையில குடுத்து அழிக்கச் சொன்னேன். நீங்க ஏம்மா இங்க நிக்கறீங்க? பாப்பா எங்க? அது எங்க?"

அவள் எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ஒரு செருப்பு மட்டும் காலில் இருந்தது. மூன்று மாடியும் ஏறினாள். எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். சுண்டு இல்லை.

தன் வீட்டுக் கதவு திறந்திருந்தது. சுண்டுவுக்குச் சாவி இருக்கும் இடம் தெரியும். கூடத்தில் ஒரு நாற்காலி குறைந்தது. பால்கனியில் அந்த நாற்காலி கம்பியை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. அதன் மேல் சுண்டு நின்றாள். ஒரு கால் ஏற்கெனவே கம்பியின் குறுக்குச் சட்டத்தில் இருந்தது. கம்பியின் மேல் டேப்லெட்டைச் சாய்த்துப் பிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா, போலாம்" என்றது குரல். அன்பான குரல். எந்தக் குழந்தையும் நம்பிப் போகும் குரல். அதுதான் கண்ணாடிக்காரிக்குத் தாங்கவில்லை.

கூப்பிட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாள் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நடந்தாள். இடுப்பைச் சுற்றி இரண்டு கையாலும் வளைத்து இழுத்தாள். இருவரும் நாற்காலியோடு கூடத்துத் தரையில் விழுந்தார்கள். சுண்டு கடித்தாள், உதைத்தாள். ஆனாலும் டேப்லெட்டை விடவில்லை.

ஆறு வருடத்தில் முதல் தடவையாக மகள் கையிலிருந்து ஒரு பொருளைப் பலவந்தமாகப் பிடுங்கினாள் கண்ணாடிக்காரி. முழங்காலால் சுண்டுவின் பாவாடையை அழுத்திக்கொண்டு, எல்லாவற்றையும் அழிக்கும் இடத்தைத் திரையில் தேடிப் பிடித்தாள். நிச்சயமா என்று கேட்டது. நாற்பத்தைந்து சொற்கள். 'தண்ணி', 'பசி', 'வலிக்குது'. இவை போனால் மகள் மறுபடியும் ஊமை. யார் கண்டது, இனி எத்தனை வருடமோ. அவள் விரல் ஒரு கணம் நின்றது.

அந்த ஒரு கணத்துக்குள் யாரும் தொடாமலே டேப்லெட் பேசியது. "அவளைக் குடு."

"நீ பெத்தது உங்க வீட்டுல இருக்குடி" என்றாள் கண்ணாடிக்காரி. "இது என்னுது." சொல்லிவிட்டு அழுத்தினாள்.

பெட்டிகள் வரிசை வரிசையாகப் போயின. திரை கறுத்தது. பால்கனி வழியாகத் தெருச் சத்தம் உள்ளே வந்தது. யாரோ யாரையோ வண்டியை ஓரம் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முடிந்தது என்று நினைத்து, மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள்.

சுண்டு உதைப்பதை நிறுத்தினாள். கீழே கிடந்த டேப்லெட்டைத் தூக்கி, அதன் கறுத்த திரையை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். முதல் வரிசையில் முதல் பெட்டி இருந்த இடத்தை விரலால் தொட்டாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தொட்டாள். அவள் உதடு நடுங்கியது, தொண்டைக் குழி ஏறி இறங்கியது. கண்ணாடிக்காரி அழுகையை நிறுத்திவிட்டு அந்தச் சின்ன வாயையே பார்த்தாள்.

"அம்மா" என்றாள் சுண்டு. வாயால், தெளிவாக, முதல் தடவையாக.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது திரையை.