இருளப்பனின் டிரைவர் தொப்பி

தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு ஒரு நல்ல சாலை கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். சாலை வரவில்லை, ரயில் நிலையம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் கொழுந்து மூட்டைகள் போன சின்னத் தண்டவாளத்தின் கிளைப் பாதை ஒன்று புதருக்குள் கிடந்தது. அதைத் தோண்டியெடுத்து, ஒரு கூரை போட்டு, மணி மாட்டி, ‘பாரம்பரிய நிலையம்’ என்று பலகை வைத்தார்கள். புது மேனேஜர் சசிதரனின் யோசனை. சுற்றுப்பயணிகள் முன்னால் தன்னைத் ‘துரை’ என்று கூப்பிடச் சொன்னார். அதுவும் பாரம்பரியமாம்.

இருளப்பன் பல வருஷம் கொழுந்து லோரி ஓட்டியவர். வயதாகிவிட்டது என்று லோரியைப் பிடுங்கிக்கொண்டு புல் வெட்ட அனுப்பினார்கள். மனிதர் ஒடுங்கிப் போனார். ரயில் டிரைவர் வேலையும் நீலத் தொப்பியும் கிடைத்த பிறகுதான் தலை நிமிர்ந்தார். மனைவி அம்மாக்கண்ணு ரிங்லெட் டவுன் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

திறப்பு விழாவன்று அந்த ஒற்றைப் பெட்டி ரயில் பாதி வழியில் படுத்துவிட்டது. இருளப்பனும் நாங்கள் நாலு பேரும் இறங்கித் தள்ளினோம். அந்தக் காலத்தில் இப்படித்தானே என்று பயணிகள் கைதட்டிப் படம் பிடித்தார்கள். அதைப் பார்த்த சசிதரன் மறுவாரமே இன்ஜினைக் கழற்றிக் கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்துவிட்டார்.

“இனிமே தள்ளித்தான் ஓட்டணும், அங்கிள். தொப்பிய கழட்டாதீங்க, படம் நல்லா வரும்.”

இருளப்பன் தொப்பியை அழுத்தி மாட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறையக் கூட்டம், எல்லார் கையிலும் கைப்பேசி. இருளப்பன் நேராகப் போய் முன்னால் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் நாலு பேர் தள்ளிப் பார்த்தோம். வண்டி அசையவில்லை.

“இறங்குங்க அங்கிள்,” சசிதரன் பல்லைக் கடித்தார்.

“டிரைவர் எறங்கித் தள்ளுனா நல்லாவா இருக்கும்? தோட்டத்துல அவனவன் வேலைய அவனவன்தான் செய்யணும், தொர. பாரம்பரியம்லா. ஒரு ஆள் கொறையுது, நீங்க ஒரு கை குடுங்க.”

பயணிகளுக்குக் குஷி பிறந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தபடியே “துரை! துரை!” என்று கூவினார்கள். அத்தனை கைப்பேசியும் சசிதரன் பக்கம் திரும்பியது. அவர் கோட்டைக் கழற்றினார். வியர்த்து விறுவிறுக்கத் தள்ளினார்.

“கொஞ்சம் வேகமா, தொர,” என்றார் இருளப்பன், திரும்பிப் பார்க்காமலேயே.

மறுநாளே மெக்கானிக் வந்து, கண்ணாடிப் பெட்டியிலிருந்து இன்ஜினை எடுத்துத் திரும்ப மாட்டினான். இன்ஜின் இப்போது ஜோராக ஓடுகிறது, இருளப்பன்தான் ஓட்டுகிறார். சாலைக்கும் நாங்கள் இனி மனு போடப்போவதில்லை. அடுத்த மழையில் சசிதரனின் கார் எங்கள் லயத்துச் சேற்றில் மாட்டட்டும். ஒருவரும் கை கொடுப்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம்.