அழிக்க மறுத்த பலகை

ஐம்பத்திரண்டாம் வருடம். நாகர்கோவிலில் ஆசிரியப் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த ஜெயபாய்க்கு அன்று மாதிரிப் பாடம். தேறினால் மயிலாடிப் பள்ளியில் வேலை. தவறினால் அண்ணன் பிடித்துவைத்திருக்கும் மாப்பிள்ளை. அந்த ஆளை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயை அடக்கிக்கொண்டு போயிருக்கலாம். அவள் எங்கே கேட்டாள்?

பின்வரிசைத் தோழி செசிலியையே வம்புக்கு இழுத்துப் பலகையில் எழுதினாள்: செசிலி வாங்கிய மீனைப் பூனை தின்றது. 'செசிலி வாங்கிய மீனை' என்பதை அப்படியே தூக்கிக் கடைசியில் வைத்தாள்: பூனை தின்றது செசிலி வாங்கிய மீனை. அதுவும் தமிழ்தான். அடுத்து, செசிலியை மட்டும் பிய்த்தெடுத்தாள்: வாங்கிய மீனைப் பூனை தின்றது செசிலி. வகுப்பு சிரித்தது. தமிழில் சொற்கள் இடம் மாறும், ஆனால் இப்படி ஒரு பெயரோடு ஒட்டிய தொடருக்குள் இருக்கும் சொல் தனியாக வெளியே வராது, தொடர் முழுக்கத்தான் வரும் என்றாள்.

பாடம் பார்க்க வந்திருந்த இன்ஸ்பெக்டர் சிவதாணு பெரிய பண்டிதர். இந்த விதி எந்த நூலில் இருக்கிறது என்றார். எதிலும் பார்த்ததில்லை, பேசிப் பார்த்துக் கண்டது என்றாள். செய்யுளில் கொண்டுகூட்டு இல்லையா, எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ சேர்த்துப் பொருள் கொள்கிறோமே என்று அவர் மடக்கினார்.

"அது பாட்டுக்கு உரை சொல்லுகவங்க செய்யுகது சார். மீன் வாங்கப் போறவ அப்படிப் பேசமாட்டா."

"அழி," என்றார் அவர்.

அந்தப் பயிற்சிப் பள்ளியில் ஒரு வழக்கம். பிழையை ஒத்துக்கொள்கிறவர் தம் கையாலேயே பலகையை அழிக்க வேண்டும். உடனே வகுப்பு எழுந்து கைதட்டும். ஜெயபாய் டஸ்டரை மேசைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணெதிரே வேலை போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் சரி என்று தெரிந்ததைத் தப்பென்று அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பண்டிதருக்குக் கோபம் தலைக்கேறியது. விருட்டென்று எழுந்து டஸ்டரை எடுத்துப் பலகையைத் தாமே அழித்தார்.

பின்வரிசையில் செசிலி எழுந்து கைதட்டினாள். பிறகு வகுப்பே எழுந்தது. என்ன செய்துவிட்டோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் கறுத்துப்போய் உட்கார்ந்தவர், ஜெயபாய் பெயருக்கு நேரே 'தேறவில்லை' என்று எழுதினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். சாக்பீஸை எடுத்து அதே வாக்கியங்களை முன்னைவிடப் பெரிதாக எழுதினாள்.

"அடுத்த வருசமும் வருவேன் சார். இதையேதான் எழுதுவேன்."