ஒரு மழைக்காலம் போகட்டும்

காலை ஆறு மணிக்கே துடைப்பத்தை எடுத்துவிட்டேன். ஆனி மாதத்தில் நாவல் மரம் படுத்துகிற பாடு இருக்கிறதே, அண்ணாந்து பார்த்து "எவ்ளோ அழகு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு அது தெரியாது. வீட்டுக்கு நடுவில் முற்றம், முற்றத்துக்கு நடுவில் மரம். ராத்திரி முழுக்கப் பழம் உதிரும், ஒவ்வொரு பழத்துக்கும் சிமெண்டுத் தரையில் ஒரு ஊதாக் கறை. பெருக்கித் துடைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் பின்னால் பொத்தென்று இன்னொன்று விழும். திட்டினால் மரத்துக்குக் காது கேட்கவா போகிறது? ஆனாலும் திட்டுவேன்.

திருநின்றவூர் ஏரியைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே வரவேண்டும். மா, வேம்பு, புங்கை, நாவல் என்று இருபத்துமூன்று மரங்கள் உள்ள தோப்பு. ஒன்றைக்கூட வெட்டாமல் வீடு கட்டித் தருகிறேன் என்று ஆர்க்கிடெக்ட் ஷோபனா சொன்னாள், சொன்னபடியே கட்டியும் கொடுத்தாள். மரத்துக்கு மரம் ஒதுங்கி ஒதுங்கிப் போகிற வீடு. சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் போக ஒரு மாமரத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். பூசாத செங்கல் சுவர், ஆளுயரத்துக்குக் கண்ணாடி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற என் மகன் விக்ரம்தான் அவளைத் தேடிப் பிடித்தான். "ஆயுசு பூரா குவார்ட்டர்ஸ்ல கெடந்துட்டீங்க, இனிமே காட்டுக்குள்ள நிம்மதியா இருங்கம்மா" என்றான். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. காட்டை யார் பெருக்குவது என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு ஏதோ பத்திரிகைக்காக வீட்டைப் படம் எடுக்க வருவதாக இருந்தார்கள். அதனால்தான் அத்தனை அவசரம். ஏழு மணிக்கு வீட்டுவேலைக்கு வரும் பஞ்சவர்ணம் வந்து வாசலிலேயே நின்று கத்தினாள்.

"இன்னாமா, நா வர்றதுக்குள்ள நீயே பெருக்கிகினு கீற? அப்பால முட்டி வலிக்குது, மூட்டு வலிக்குதுன்னு என்னாண்ட வந்து அழுவ."

"பத்து மணிக்கு வர்றாங்கடி. தரை இப்படியா இருக்கறது?"

"இந்த ஊட்டக் கட்னாங்களே, அவுங்க ஒரு நாளு தொடப்பத்தக் கைல புட்ச்சிருப்பாங்களா? கேளு இன்னிக்கு."

கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. துடைப்பத்தை அவளிடம் கொடுத்துவிட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் என் வீட்டுக்காரர் பார்த்தசாரதி இருந்தார். அதாவது, அவருடைய படம். மாசி மாதம் போய்ச் சேர்ந்தார். நெஞ்சு வலிக்கிறது என்றவர் ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார். நாலு மாதமாக மாலை போட்ட படம் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம், "ஏம்மா சுவர்ல மாட்டக்கூடாதா?" என்று கேட்பார்கள். மாட்டக்கூடாதுதான். இந்த வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. குடிவந்த நாளிலிருந்து அதுதான் சட்டம்.

அவருக்கு ஆவடியில் பாக்டரி வேலை. இருபத்தொன்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே சுவர் நமக்குச் சொந்தமில்லை. எதற்கும் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வந்த பிறகுதான் கை வைக்கவேண்டும். நான் அவருக்குத் தெரியாமல் அங்கங்கே ஆணி அடித்துவைத்திருந்தேன். ரிட்டயர் ஆகிக் காலி செய்தபோது ஓர் ஆள் வந்து சுவர் சுவராகத் தடவி ஓட்டைகளை எண்ணினார். பதினொன்று. அதையெல்லாம் அடைத்து, சுண்ணாம்பு அடித்து, காலி செய்த சான்றிதழ் வாங்குவதற்குள் மனுஷன் மூன்று வாரம் நாயாக அலைந்தார். "பதினோரு ஓட்டை ஹேமா, பதினொண்ணு" என்று தூக்கத்தில்கூடப் புலம்பினார்.

அந்தப் பயத்தோடுதான் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தார். ரிட்டயர் ஆனபோது செக்‌ஷனில் எல்லோரும் சேர்ந்து கொடுத்த சுவர்க் கடிகாரம் மூன்று வருஷமாக அட்டைப்பெட்டியோடு அலமாரி மேல் இருக்கிறது. காலண்டரை பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். அதெல்லாம் போகட்டும், எனக்கு வேண்டியிருந்தது ஒரு கொடி. துணி காயப்போட ஒரு கயிறு. பின்வராண்டாவில் கட்டினால் நாலு எட்டில் வேலை முடியும். அது இல்லாமல், ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு ஏழு படி இறங்கி, மரத்துக்கு மரம் கட்டின கயிற்றில் போய்ப் போடவேண்டும். மூட்டு தேய்ந்துபோன என்னால் முடிகிற காரியமா? போட்ட வெள்ளை வேட்டியில் காக்காய் நாவல்பழத்தைத் தின்றுவிட்டு வந்து கைங்கரியம் செய்யும்.

கேட்டால், "பர்மிஷன் கேட்டிருக்கேன் ஹேமா. வரட்டும்" என்பார்.

"பர்மிஷன் கேக்கறதுக்கு இது என்ன உங்க பாக்டரியா? நம்ம வீடுய்யா!"

"கட்டினவங்ககிட்ட கேக்காம கை வெக்கக்கூடாது."

சும்மா சாக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அவர் போவதற்கு முந்தின நாள்கூட, பஞ்சவர்ணம் பக்கத்தில் நிற்கும்போதே, "பொண்டாட்டிக்கு ஒரு கொடி கட்டத் துப்பில்லாத மனுஷன்" என்று சொன்னேன். அவர் வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு நானே ஆணி அடித்திருக்கலாம். கை வரவில்லை. அவர் பேச்சை அவர் இல்லாதபோது மீறுவது என்னவோ மாதிரி இருந்தது.

பத்தரைக்கு ஷோபனா வந்தாள், கூடவே ஒரு கேமராக்காரர். நல்ல பெண். என் கையைப் பிடித்துக்கொண்டு சாரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினாள், கண் கலங்கினாள். பிறகு வேலை ஆரம்பித்தது. வாளி உள்ளே போனது, காலண்டர் போனது, மிதியடி போனது. நான் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். என் வீட்டில் நானும் ஒதுக்கவேண்டிய சாமான் மாதிரி இருந்தேன்.

"ஆன்ட்டி, இந்த சேர் மட்டும் ஃப்ரேம்ல வருது. கொஞ்ச நேரம் உள்ள வெச்சுக்கலாமா?" என்றாள் ஷோபனா.

நான் பதில் சொல்வதற்குள் கேமராக்காரர் நாற்காலியைப் படத்தோடு சேர்த்துத் தூக்கிவிட்டார்.

பஞ்சவர்ணம் பாய்ந்தாள். "யோவ், எறக்கு! பெரியவரு குந்திகினு கீறாரு, கண்ணு தெர்ல?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "எங்கம்மா வெக்கச் சொல்ற அவரை?" என்று ஷோபனாவைப் பார்த்துக் கத்தினேன். "ஸ்டோர் ரூம்லயா? சுவர்லதான் ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டியே! நாலு மாசமா செத்த மனுஷன் நாற்காலில உக்காந்துக்கிட்டு இருக்காரு. அதுவும் உன் கண்ணுக்கு உறுத்துதா?"

அவள் திகைத்துப்போனாள். "ஆணி அடிக்கக் கூடாதுன்னு யார் ஆன்ட்டி சொன்னது?"

"நீதான். பர்மிஷன் கேட்டிருக்கேன், வரட்டும்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தாரே."

"நானா?" யோசித்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சார் ஒரு லெட்டர் கொடுத்தாரு. கிரகப்பிரவேசம் முடிஞ்ச மறுவாரம், ஆபீசுக்கே வந்து. எனக்குச் சிரிப்புகூட வந்துது. சுவர் புதுசு, இப்ப வேணாம் சார், ஒரு மழைக்காலம் போகட்டும்னு சொன்னேன். அவ்ளோதான் ஆன்ட்டி. அப்புறம் அடிச்சிருப்பாருன்னு நெனச்சேன்."

மூன்று மழைக்காலம் போயிருந்தது.

நான் உள்ளே போனேன். எழுதிக் கொடுக்கிற எதற்கும் ஜெராக்ஸ் எடுத்து வைக்காமல் அவர் இருக்கமாட்டார். அவருடைய ஃபைல் கட்டில் அடியில் பெட்டிக்குள் இருந்தது. மின்சாரம், கேஸ், பென்ஷன், அதற்கெல்லாம் அடியில் அந்தத் தாள். குண்டு குண்டான அவர் கையெழுத்து.

"பொருள்: வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க அனுமதி வேண்டுதல். ஒன்று, பணி ஓய்வுக் கடிகாரம் மாட்ட. இரண்டு, காலண்டர் மாட்ட. மூன்று, என் மனைவிக்கு முழங்கால் தேய்மானம் இருப்பதால் படியிறங்கித் துணி உலர்த்த இயலவில்லை. பின்வராண்டாவில் இருவர் துணியும் காயும் நீளத்துக்குக் கொடி கட்ட இரண்டு கொக்கிகள். முதல் இரண்டுக்கும் அனுமதி இல்லாவிட்டாலும், மூன்றாவதை மட்டுமாவது கருணையோடு பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

அதற்குக் கீழே சிவப்பு மையில்: "வாய்மொழி உத்தரவு: ஒரு மழைக்காலம் போகட்டும். அடுத்த உத்தரவுக்குக் காத்திருப்பு." அதற்கும் கீழே வருஷத்துக்கு ஒன்றாக மூன்று வரிகள். "மழை முடிந்தது. உத்தரவு வரவில்லை." "மழை முடிந்தது. உத்தரவு வரவில்லை." மூன்றாவதாகவும் அதே வரிதான். அதன் தேதி இந்த வருஷத் தைப்பொங்கலுக்கு மறுநாள். அடுத்த மாதம் போய்விட்டார்.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே, பாவி மனுஷா! கேட்கமாட்டார். மேலே இருக்கிறவர்களுக்கு ஞாபகப்படுத்தினால் கோபித்துக்கொள்வார்கள் என்று இருபத்தொன்பது வருஷம் வாயை மூடிக்கொண்டே இருந்து பழகியவர். அவருக்குப் பின்னால் சேர்ந்தவனுக்கெல்லாம் பிரமோஷன் வந்தபோதும் இப்படித்தான் காத்திருந்தார். சொந்த வீட்டிலும் குவார்ட்டர்ஸ் அலாட்மென்ட்டில் வந்தவராகவே இருந்துவிட்டுப் போனார். துப்பில்லாதவர் என்று சொன்ன என் வாயை என்ன செய்வது?

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியவில்லை. ஷோபனா பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்து அந்தத் தாளைப் படித்தாள். படித்துவிட்டு எழுந்து வெளியே போனாள். காரில் எப்போதும் வைத்திருக்கிற டிரில்லிங் மிஷினையும் கொக்கிகளையும் எடுத்து வந்தாள்.

"படத்தை எங்க மாட்டலாம் ஆன்ட்டி? சொல்லுங்க, எந்த சுவர்னாலும் சரி."

"அது அப்புறம்" என்றேன். "மொதல்ல மூணாவது."

பின்வராண்டாவில் இரண்டு கொக்கியையும் அவளே போட்டாள். செங்கல் தூள் அவள் உடுப்பெல்லாம் கொட்டியது. பஞ்சவர்ணம் கயிற்றைக் கொண்டுவந்து இழுத்துக் கட்டி, தொங்கிப் பார்த்தாள். "ஷோக்கா கீதுமா. யானையக் கட்னாலும் தாங்கும்" என்றவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொடி ஃப்ரேமில் வருகிறது என்று கேமராக்காரர் தயங்கினார். "வரட்டும்" என்றாள் ஷோபனா.

காலையில் துவைத்து, படியிறங்க அலுத்துப்போய் வாளியிலேயே விட்டிருந்த துணியை எடுத்துவந்தேன். நாலு எட்டுதான். முட்டி வலிக்கவே இல்லை. ஒரு புடவை, ஒரு பாவாடை, ஒரு ரவிக்கை, ஒரு துண்டு. உதறிப் போட்டேன்.

வேட்டி, சட்டை, பனியன் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு அவர் கேட்டிருந்த கொடி. பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது.