யுகாதியன்று வந்தவர்கள்

எங்கள் டைம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்றே டைம் ஆபீசர் தீர்த்தகிரி சார் எனக்கு ஒரு சட்டம் போட்டுவிட்டார். "தட்டறதுதான் உன் வேல, சபீஹா. யோசிக்கறதெல்லாம் பெங்களூர்ல இருந்து வர்ற கம்ப்யூட்டர்காரங்க வேல." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் ஊர் ராயக்கோட்டைக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியவில்லை.

ஓசூர் சிப்காட்டில் பம்ப் பாகங்கள் செய்யும் கம்பெனி. மூன்று ஷிஃப்டின் வருகைத் தாளையும் எக்செல்லில் அடித்து, செக்‌ஷன் வாரியாகப் பிரித்து, வராதவர்கள் பட்டியலை எடுக்க வேண்டும். ஒன்று நோட்டீஸ் போர்டுக்கு, ஒன்று பத்து மணிக்கு வரும் மேனேஜருக்கு. அடிப்பதுகூடப் பரவாயில்லை. பிரிப்பதும் வெட்டி ஒட்டுவதும் தினமும் ஒரே கூத்து. நேற்று செய்ததையே இன்றும் செய்ய மனுஷி எதற்கு?

மெனுவில் 'ரெக்கார்ட் மேக்ரோ' என்று ஒன்று இருந்தது. அதை அமுக்கிவிட்டு வேலையைச் செய்தால், நம் கை செய்வதையெல்லாம் அது வரி வரியாக எழுதிக்கொள்ளும். அந்த வரிகளைத் திறந்து படித்தேன். கம்ப்யூட்டரோடு வந்த புத்தகம் தீர்த்தகிரி சாரின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. கிடக்கட்டும். எஃப்-ஒன்னை அமுக்கினால் கம்ப்யூட்டரே சொல்லிக்கொடுத்தது. முதலில் பழகியது இஃப், தென், எல்ஸ். இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய். எங்கள் அம்மா எங்களை வளர்த்த பாஷைதான்.

சாப்பாட்டு இடைவேளையை எல்லாம் இதற்கே கொடுத்தேன். ஒரு தடவை கட்டிங் செக்‌ஷன் மொத்தமும் பெயின்ட் செக்‌ஷனுக்குக் குடி போய்விட்டது. கடைசியில் ஒரு நாள் பட்டனை அமுக்கினேன்; டீ ஆறுவதற்குள் பட்டியல் வந்துவிட்டது.

அப்புறம் யுகாதி வந்தது. எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யுகாதிக்குக் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறவர்கள் ஊருக்குப் போவார்கள். தமிழ் ஆட்கள் தங்கள் ஷிஃப்டை முடித்துவிட்டு அவர்கள் மெஷினிலும் நிற்பார்கள். சித்திரை ஒன்றுக்கும், எங்கள் ரம்ஜானுக்கும் அவர்கள் வந்து நிற்பார்கள். யாரும் லீவு எழுதுவதில்லை. ஊருக்குப் போனவர் பெயருக்கு எதிரே மேஸ்திரி பென்சிலால் ஒரு வட்டம் போடுவார், அவ்வளவுதான். மேனேஜர் காதுக்கு இது போனதே இல்லை.

கையால் பட்டியல் போட்ட காலத்தில், வட்டத்தைக் கண்டால் என் விரல் தானாக 'வந்தார்' என்று அடித்துவிடும். இந்தத் தடவை யுகாதிக்கு மறுநாள் காலை, வட்டத்துக்கு ஒரு 'O' என்று தாளில் இருந்ததை அப்படியே அடித்துப் பட்டனை அமுக்கினேன். என் விரலுக்குத் தெரிந்ததை நான் மேக்ரோவுக்குச் சொல்லவே இல்லை. வட்டம் போட்ட அத்தனை பேரும் 'சொல்லாமல் வராதவர்கள்' என்று நோட்டீஸ் போர்டில் ஏறிவிட்டார்கள்.

லேத்தில் வேலை செய்யும் ஜவளகிரி சென்னப்பன் அண்ணன் போர்டிலிருந்து கிழித்த தாளோடு உள்ளே வந்தார். "ஏம்மா, நாங்க சொல்லாம ஓடிட்டமா? என் மெஷின்ல சாமல்பட்டி முத்துமணி நின்னானே, அவன் என்னா மனுசன் இல்லியா?"

தீர்த்தகிரி சாருக்கு வாயெல்லாம் பல். "நான் அப்பவே சொன்னன். அந்தக் கருமத்த அழி. நாளையிலருந்து நீ டைப்ரைட்டர்ல உக்காரு. கம்ப்யூட்டர வேற ஆளுக்குக் குடுக்கறன்."

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். தப்பு என்னுடையது, கேட்டேன். ஆனால் அழிப்பதா? "நான் பண்ண தப்ப நானே திருத்தறன் சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

வட்டம் இருந்தால் 'வந்தார்' என்று போடு. ஒரே வரிதான். பாதி அடித்துவிட்டு நிறுத்தினேன். அப்படிப் போட்டால் ஊருக்குப் போன அண்ணன் வந்ததாக இருக்கும், இரண்டு ஷிஃப்ட் நின்ற முத்துமணி எங்கேயும் இருக்கமாட்டான். அந்த வரியை எடுத்துவிட்டு, பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: மாற்று ஆள். ஊருக்குப் போகுமுன் பேசி வைத்தபடி யார் மெஷினில் யார் நின்றார்கள் என்று சென்னப்பன் அண்ணன் சொல்லச் சொல்ல அடித்தேன்.

"பைத்தியமா உனக்கு? மேனேஜர் பாத்தா வழக்கமே போயிடும்!" என்றார் தீர்த்தகிரி சார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அண்ணனைப் பார்த்தேன்.

"போடும்மா. பண்டிகைக்குப் போறது என்னா திருட்டா? எத்தினி நாளைக்கு ஒளிக்கறது?"

பத்து மணிக்கு மேனேஜர் தாளோடு எங்கள் அறைக்கே வந்துவிட்டார். "இது யார் போட்டது?" தீர்த்தகிரி சாரின் விரல் என் பக்கம் நீண்டது.

"நாந்தான் சார்."

"நேத்து ஒரு மெஷினும் நிக்கலையா?"

"ஒண்ணுகூட நிக்கல சார்."

அந்தக் கட்டத்தில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். "இனிமே பண்டிகைக்கு முன்னாடியே எனக்கு இந்த லிஸ்ட் வரணும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் தீர்த்தகிரி சார் மேசையில் தட்டினார். "அவர் என்ன வேணா சொல்லட்டும். இந்த ஆபீசுக்கு நான்தான் ஆபீசர். நாளைக்கு டைப்ரைட்டர்."

"எழுத்துல குடுங்க சார்."

"என்னாது?"

"வேல கத்துக்கிட்டதுனால கம்ப்யூட்டர விட்டு எழுப்பறன்னு எழுதி, கையெழுத்து போட்டுக் குடுங்க. வாங்கிக்கிட்டு எழுந்துக்கறன்."

அவர் வெள்ளைத் தாளை இழுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். சென்னப்பன் அண்ணன் லேத்துக்குப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். பேனா தாளில் இறங்கவே இல்லை. நான் அடுத்த ஷிஃப்ட் தாளை எடுத்து வைத்து அடிக்க ஆரம்பித்தேன்.