தூங்கி விற்ற மெத்தை

மெத்தைக் கடைச் சேல்ஸ்மேன் என்றால் கொட்டாவி விட்டபடி எங்காவது சாய்ந்து கிடப்பான் என்று நினைப்பீர்கள். நான் அந்த ரகமில்லை. காலையில் ஷட்டரைத் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை என் கால் ஓயாது. மதியச் சாப்பாட்டைக்கூட மாடிப்படிக்குக் கீழே நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, கையைத் துடைத்தும் துடைக்காமலும் ஓடிவருவேன். கடையில் ஈ காக்கை இருக்காது. இருந்தாலும் ஓடிவருவேன். எங்கேயாவது உட்கார்ந்துவிட்டால், "வேலை நேரத்துல என்ன சொகுசு?" என்று முதுகுக்குப் பின்னால் யாரோ கேட்பதுபோல இருக்கும். திரும்பிப் பார்த்தால் தலையணைதான் இருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். விடுமுறை நாளில் ஃபேனைக் கழற்றித் துடைப்பேன். துடைத்த பிறகு அது சுற்றாது.

"நீங்க கொஞ்ச நேரம் கையக் கட்டிக்கிட்டு இருந்தா, வீட்டுச் சாமானெல்லாம் இன்னும் கொஞ்ச நாள் உயிரோட இருக்கும்" என்பாள் மனைவி.

அன்று மதியம் புது ஸ்பிரிங் மெத்தை வந்து இறங்கியது. பிளாஸ்டிக்கைக் கிழித்து, விரிப்பைப் போட்டேன். நடுவில் ஒரு சுருக்கம். அதை நீவிவிட ஒரு முழங்காலை ஊன்றினேன். பிறகு இன்னொன்றை. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.

"ஸ்ஸ்... மெதுவாப் பேசுங்க, எழுப்பிடாதீங்க" என்று ஒரு பெண் குரல் கேட்டுத்தான் விழித்தேன். ஒரு கணவனும் மனைவியும் என் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார்கள். கன்னத்தில் எச்சில். வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

"பதறாதீங்க" என்றார் அந்த மனிதர். "இவ்வளவு நிம்மதியா ஒரு மனுஷன் தூங்கி நான் பாத்ததே இல்ல. இதே மெத்தைதான் எங்களுக்கு வேணும். இதேதான், வேற பீஸ் வேண்டாம்."

சீட்டுக் கிழியப்போகிறது என்று கன்னத்தைத் துடைத்துக்கொண்டே நின்றேன். முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் பல்.

"எத்தனை வருஷமா இந்தத் திறமையை ஒளிச்சு வெச்சிருக்க? நாளையிலேர்ந்து மத்தியானம் வாசலுக்கு நேரா படுத்துத் தூங்கு. அதுதான் உன் வேலை."

உலகத்தில் எவனுக்குக் கிடைக்கும் இந்த வேலை? எனக்குக் கிடைத்தது. என்னால் செய்ய முடியவில்லை.

மறுநாள் படுத்தேன். கண் மூடியது, காது மூடவில்லை. கதவு திறக்கும் சத்தம், செருப்புச் சத்தம், ஒரு பெண் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்க்கும் சத்தம். அவள் தன் தங்கையிடம், "இது சீக்கிரம் தொய்ஞ்சிடுமோ?" என்று கேட்டாள். என் வாய் சும்மா இருக்குமா?

"பத்து வருஷம் வாரண்டி மேடம்" என்றேன், கண்ணைத் திறக்காமலே.

அவள் போட்ட அலறலில் எதிர்க் கடைக்காரர் ஓடிவந்தார். அக்காவும் தங்கையும் போன வேகத்தில் ஒரு செருப்பு எங்கள் கடையிலேயே தங்கிவிட்டது.

"தூங்கறதுக்குக்கூடவா உனக்கு டிரெயினிங் குடுக்கணும்?" என்றார் முதலாளி.

அதற்குப் பிறகு விடாமுயற்சியோடு தூங்கப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கினேன். போருக்குப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருப்பதாகக் கேஷியர் அக்கா சொன்னார். மெத்தை விற்கவில்லை. ஒருவர் மட்டும், "இவருக்கு முதுகுவலியா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

கேஷியர் அக்காவை அப்போதுதான் கவனித்தேன். மதியம் சாப்பிட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்புவார். அவ்வளவுதான், ஆள் போய்விடுவார். திரும்பி வரும்போது முகம் கழுவியதுபோல இருக்கும்.

பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன். "அக்கா, இப்படி உக்காந்திருந்தா உங்களுக்கு மனசு உறுத்தாதா?"

ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "உறுத்துது தம்பி. நீங்க வந்து நிக்கறதுதான் உறுத்துது. தள்ளிப் போங்க."

அன்று சாயங்காலமே துணிச்சலை வரவழைத்துக்கொண்டு முதலாளி முன்னால் போய் நின்றேன். மதியத்திலிருந்தே மாடிப்படிக்குக் கீழே நின்று வசனமெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"சார், வேலையாத் தூங்கறது எனக்கு ஒத்துவரல. பழையபடி விக்கறேன். ஆனா சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் எனக்கே எனக்குன்னு வேணும். யாரு கூப்பிட்டாலும் வரமாட்டேன்." குரல் கடைசியில் கீச்சென்று போனது.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"அது சேர்ந்த நாள்லேர்ந்து உனக்கு இருக்கேப்பா. நீதான் எடுக்கறதில்ல. உனக்கு வயித்துல ஏதோ கோளாறு, அதான் உக்காந்து சாப்பிட முடியலன்னு நாங்கல்லாம் பரிதாபப்பட்டுக்கிட்டிருந்தோம்."

புரட்சி செய்ய வந்தவனுக்குக் கதவு ஏற்கெனவே திறந்துகிடந்தால் எப்படியிருக்கும்? அசடு வழிய வெளியே வந்தேன்.

மறுநாள் மதியம் கடைக்குப் பின்புறம், லாரி நிற்கும் இடத்தில், நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். சாப்பாட்டில் உப்பு சற்றுக் கூடுதல் என்பதே அன்றுதான் தெரிந்தது. பிறகு சாய்ந்துகொண்டேன். கை பரபரத்தது. நாற்காலியின் ஆடும் காலைச் சரிசெய்யலாமா என்று பார்த்தது. இரண்டு கைகளையும் பிடித்துத் தொடைக்கடியில் வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

பாக்கெட்டில் போன் அடித்தது. மனைவி.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ணல. உக்காந்திருக்கேன்."

மறுமுனையில் அவசரமாக அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.