இரவெல்லாம் உள்ளே இருந்தவர்கள்

கிள்ளான் கிடங்கின் மானேஜர் யுகேந்திரன் என்னைக் கூப்பிட்டது கணினி கெட்டுப்போனதற்காக அல்ல. போலீசுக்குக் கொடுக்க ஒரு தாள் அச்சடித்துத் தர. செவ்வாய் இரவு பதினான்கு பெட்டிக் கைப்பேசிகள் காணாமற் போயிருந்தன. பத்தொன்பது வருடமாக அங்கே ஸ்டோர் பார்க்கும் ரமணி அக்கா மாலை ஆறுக்கு உள்ளே நுழைந்து, காலை ஏழுக்கு வெளியே போனதாகக் கதவுப் பதிவு சொன்னது.

"சிஸ்டம் பொய் சொல்லாது லா. நான்கூட கார்டு தட்டித்தான் வரேன், போறேன்," என்றார் யுகேந்திரன்.

ரமணி அக்கா மூலையில் நின்றார். உட்காரச் சொல்லக்கூட அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு காப்பார் வீட்டுக்குப் போயிட்டேம்மா," என்றார் என்னிடம்.

செவ்வாய் மதியம் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசிலிருந்தே கதவுப் பதிவுக் கணினிக்குப் புது லினக்ஸ் கெர்னல், அதாவது அதை இயக்கும் மைய நிரல், ஏற்றி, அணைத்து எழுப்பியவள் நான். நுழையும்போது தட்ட ஒரு கார்டு கருவி, போகும்போது தட்ட இன்னொன்று. பழைய கெர்னல் எழும்போது கருவிகளை வரிசையாகத் தேடும். நுழைவுக் கருவிக்கே எப்போதும் முதல் எண். புதியது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கூப்பிடும். முந்திப் பதில் சொன்னதற்கு முதல் எண். அன்று முந்திக்கொண்டது வெளியேறும் கருவி. கருவியின் அடையாளத்தைப் பார்க்காமல் எண்ணை நம்பி நிரல் எழுதிய சோம்பேறியும் நான்தான். போனவர் வந்தவராகவும், வந்தவர் போனவராகவும் பதிவானார்கள்.

அதைச் சொன்னேன்.

"சும்மா அவங்கள காப்பாத்தாதீங்க, லோகேஸ்வரி," என்றார் யுகேந்திரன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அன்றைய முழுப் பதிவையும் அச்சடித்து மேசையில் போட்டேன். ஸ்டோர் சாவி ரமணியிடம் இருக்கிறது என்று அவர் பெயரை மட்டும் தேடிப் பார்த்த மகானுபாவர், கீழே இன்னும் பத்துப் பெயர் இருப்பதைப் பார்க்கவே இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. அந்தப் பத்துப் பேரும் இரவெல்லாம் உள்ளேதான். கடைசிப் பெயர் யுகேந்திரன்: மாலை ஆறரைக்கு உள்ளே, காலை எட்டுக்கு வெளியே.

அவர் சிரித்தார். "ஐயோ, இது சிஸ்டம் எரர் லா!"

ரமணி அக்கா மேசைக்கு வந்தார்.

"என் பேருக்கு நேரா இருந்தப்ப திருட்டு. உங்க பேருக்கு நேரா வந்ததும் எரரா, பாஸ்?"

அக்கா ஸ்டோர் சாவியை யுகேந்திரன் முன்னால் வைத்தார். தாளை எடுத்து மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"போலீசுக்குப் போகணும்னீங்களே, கிளம்புங்க. பதினோரு பேரையும் சேர்த்தே குடுப்போம்."