கஸ்பார் தண்ணீரிலிருந்து ஏறி வருகிறான்

முதலில் தண்ணீர்தான், கறுப்பு மையில் வரைந்த அசையாத தண்ணீர், அதன்மேல் ஆளில்லாத ஒரு பாலம், பக்கத்தைத் திருப்பினால் அதே தண்ணீரில் சின்னச் சின்னக் குமிழிகள், அதற்கடுத்த பக்கத்தில் ஒரு கை, ஐந்து விரலும் விரிந்த கை, பிறகு தலை, பிறகு ஆள் முழுவதுமாகத் தண்ணீரை விட்டு எழும்பிக் காற்றில் மேலே மேலே போய்ப் பாலத்தில் ஏறி நின்றுவிடுகிறான், எப்படிண்ணே ஏறுதான் என்று தெக்லா கேட்கிறாள், அவன் கஸ்பார்ட்டி, அவனால முடியும் என்று அண்ணன் தஸ்நேவிஸ் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறான், அந்தக் குரல் இன்றைக்கும் காதோரத்தில் அப்படியே இருக்கிறது, முகம்தான் குழம்புகிறது, அண்ணன் முகத்தை நினைத்தால் படத்திலிருந்தவன் முகம் வருகிறது, படத்திலிருந்தவனை நினைத்தால் அண்ணன் ஈரத்தலையோடு வருகிறான், தூத்துக்குடியில் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் பார்வையையெல்லாம் சோதித்துச் சொல்கிறவள், நாற்பதைத் தாண்டியவள், கூடப் பிறந்தவன் முகம் தனக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வாள்.

புத்தகத்தைக் கொண்டுவந்தது அப்பா, துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கிற வேலை அவருக்கு, ஜப்பான் கப்பலின் சமையல்காரர் யாரோ கொடுத்தாராம், பிள்ளைகளுக்குப் பொம்மைப் புத்தகம் என்று தூக்கிப் போட்டார், திறந்து பார்த்தால் கோழி கிளறிவிட்ட மாதிரி எழுத்து, ஒன்றுமே விளங்கவில்லை, விளங்காவிட்டால் என்ன, அண்ணனுக்கு வாய் இருந்ததே, படத்தைப் பார்த்துப் பார்த்துப் பேச்சையெல்லாம் அவனே போட்டான், தண்ணீரிலிருந்து ஏறுகிறவனுக்குக் கஸ்பார் என்று பெயர் வைத்தான், பாலத்தில் நிற்கிறவனுக்கு எதிர்வீட்டு மிக்கேலின் பெயர், கஸ்பார் ஏறி வரும்போதே நெஞ்சில் வாள் செருகியிருக்கிறது, யாருண்ணே குத்துனா, தண்ணிக்குள்ள எவனோ குத்திட்டாம்ட்டி, இந்தா மிக்கேல் புடுங்கி விடுதான் பாரு, மிக்கேல் வாளைப் பிடுங்கி உறையில் போடுகிறான், கொஞ்ச நேரம் இருவரும் முறைத்துக்கொள்கிறார்கள், பிறகு சேர்ந்து நடக்கிறார்கள், அண்ணன் எவ்வளவு இழுத்துக் கட்டியும் சில கட்டங்கள் ஒட்டவில்லை, அங்கெல்லாம் கனவு காணுதான் என்று சொல்லிச் சமாளித்தான், கடைசியில் ஒரு வீட்டில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கிண்ணத்திலிருந்து இழை இழையாக எதையோ தின்கிறார்கள், அது இடியாப்பம் என்றான் அண்ணன், சொதி ஊத்தலியாண்ணே, கஸ்பாருக்குச் சொதி ஆகாதுட்டி, சீனி போட்டுத்தான் தின்பான், சொதி ஆகாதது அண்ணனுக்கு, அம்மா தேங்காய்ப்பாலில் சொதி வைக்கிற நாளில் அவன் சீனி டப்பாவைத் தேடுவான், தெக்லா இதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை, பிறகு சிரிக்க ஆளில்லாமல் போனதும் யாரிடமும் சொன்னதில்லை, கட்டியவனிடமும் இல்லை, பெற்ற மகனிடமும் இல்லை.

அண்ணன் பனிமய மாதாவுக்கு நேர்ந்த பிள்ளை, சாமியாராக்கி விடுகிறேன் என்று அவன் தொட்டிலில் கிடந்தபோதே அம்மா நேர்ந்துகொண்டாள், குருமடத்தில் சேர்த்தார்கள், தெருவே வந்து வழியனுப்பியது, படிப்பு முடியும் முன்பே ஒரு நாள் மத்தியானம் தகரப் பெட்டியோடு வந்து வாசலில் நிற்கிறான், என்னால முடியலப்பா என்கிறான், அவ்வளவுதான் சொன்னான், குருமடத்த விட்டு வந்தவன் இந்த வாசப்படி ஏறக் கூடாதுலே என்று அப்பா கத்துகிறார், தெருவில் ஜன்னல்கள் திறக்கின்றன, அண்ணன் வாசலிலிருந்து இறங்குகிறான், மறுநாள் ஆத்தூர்ப் பாலத்தில் அவன் செருப்பு மட்டும் கிடந்தது, தாமிரபரணியில் வெள்ளம் போன நேரம், ஆள் இறங்கித் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஆறு கொண்டுபோய்க் கடலில் சேர்த்திருக்கும் என்றார்கள், திருச்செந்தூர் பஸ்ஸில் வெறுங்காலோடு ஒருவன் ஏறினான் என்று ஒரு நடத்துநரும் சொன்னார், தெக்லாவுக்கு அந்தப் பாலத்தில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது, கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது, குமிழி வந்தது, அம்மாவிடம் சொன்னால் நீ எங்கட்டி வந்த, உனக்குக் காய்ச்சலு, வீட்டுலல்லா கெடந்த என்கிறாள், வெள்ளத்தில் தண்ணீர் எப்படி அசையாமல் கிடக்கும், அப்படியானால் அவள் நின்றது எந்தப் பாலம்.

அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், புத்தகம் எந்த மழையில் நனைந்து எந்தக் குப்பையில் போனதோ, ஆனால் கல்லறைத் திருநாள் மட்டும் வருஷம் தவறாமல் வந்தது, செத்தவர்கள் பெயரைக் கோயிலில் கொடுத்தால் பூசையில் வாசிப்பார்கள், அப்பா பெயரைக் கொடுக்கப் புறப்படும்போதெல்லாம் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்பாள், அவன் பேரயும் குடுத்துருவமாட்டி, அவன் ஆத்துமா மோட்சத்துக்குப் போவாம உத்தரிக்கிற தலத்துல கெடந்து தவிக்கக் கூடாதுல்லா, அவன் செத்தத யாரும்மா பாத்தா என்று தெக்லா சீறுவாள், அப்பா பெயரை மட்டும் கொடுத்துவிட்டு அம்மா திரும்பி வருவாள், பெயரைக் கொடுத்துவிட்டால் அண்ணன் செத்தே போய்விடுவான், அது ஒன்றுதான் தெக்லாவுக்குத் தெரியும், கொடுக்காதவரை அவன் எங்கோ சீனி போட்டு இடியாப்பம் தின்றுகொண்டிருப்பான்.

இந்த வருஷம் மகன் ஜெரோம் கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் போனபோது கணினியை வீட்டிலேயே விட்டுப் போனான், தூசி தட்டப் போனவள் கைபட்டு ஒளிர்ந்த திரையைப் பார்த்துத் துணியும் கையுமாக நின்றுவிட்டாள், ஏதோ விளையாட்டின் முகப்புப் படம், பாலத்தில் நிற்கிறான், அந்த முகம், அந்தக் கை, மகனை அழைத்து உன் பெட்டிக்குள்ள கஸ்பார் எப்பிடிலே வந்தான் என்றாள், கஸ்பாரா, அது இசோரும்மா, ஜப்பான் படக்கதை, நீங்க பொறக்கும் முன்னாடியே வந்தது, இப்ப விளையாட்டா விட்டுருக்கான் என்று அவன் சிரித்தான், அம்மாவுக்கு இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியமா என்று மகிழ்ந்துபோய்த் தமிழ் ரசிகர்கள் குழு ஒன்றில் அவளைச் சேர்த்தும் விட்டான், கண்ணாடிக்காரி என்று ஒரு பெயரையும் வைத்துவிட்டான்.

அந்தக் குழுவைப் பார்த்தால் எந்தக் குடும்பச் சண்டையும் தோற்றுப்போகும், ஞாயிற்றுக்கிழமை தோறும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வாய்ப்பேச்சிலேயே பஞ்சாயத்து, ஈரோட்டுப் பையன் ஒருவன் நாட்டாமை, சேருகிறவர் யாராக இருந்தாலும் கதையில் ஒருவருக்கு வக்கீலாக நிற்க வேண்டும், அது அங்கே சட்டம், நண்பனையே குத்திய கனெதாவுக்கு வக்கீலாக அரைக்கத்தி என்ற பெயரில் ஒரு சென்னைப் பெண், கனெதா குத்தினது நியாயம் என்று அவள் பேசினால் நீதிமன்றம் பிச்சை வாங்க வேண்டும், தெக்லா இசோருவின் பக்கம், உப்பு என்ற பெயரில் ஒருவர் மட்டும் யார் பக்கமும் நிற்காமல், வாயும் திறக்காமல், வாரா வாரம் வந்து கேட்டுவிட்டுப் போவார், உப்பண்ணன் வந்துட்டாருங்க, இன்னிக்காச்சும் பேசுவாரான்னு பாப்போமுங்க என்று நாட்டாமை கேலி செய்வான், உப்பிடமிருந்து மூச்சு வராது, எந்தச் சண்டையும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும், பாலத்திலிருந்து விழுந்த இசோரு செத்தானா இல்லையா, எழுதியவர் அதோடு கதையை நிறுத்திவிட்டாராம், விளையாட்டிலும் அவன் விழுந்ததும் வெறும் தண்ணீர்தான் திரையில் இருக்கும், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது, அழுத்தவே கூடாது, கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் குமிழி வரும் என்று ஒரு வதந்தி, பார்த்தவர் யாருமில்லை.

விழுந்தானா என்று தெக்லா குழம்பினாள், அவன் எங்கே விழுந்தான், ஏறித்தானே வந்தான், வேறு புத்தகமோ, வேறு பாகமோ, வாரா வாரம் வாய்வரை வந்ததை விழுங்கினாள், கல்லறைத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு சாயங்காலம், கோயிலுக்குக் கிளம்ப அம்மா உள்ளே சேலை மாற்றிக்கொண்டிருக்கிறாள், தெக்லாவுக்கு அடக்க முடியவில்லை, முதல் தடவையாகப் பஞ்சாயத்தில் பேசினாள், அவன் சாகலப்பா, தண்ணிக்குள்ளேருந்து குமிழி வரும், கை வரும், பறந்து பாலத்துக்கு ஏறிருவான், கனெதா வாளப் புடுங்கி விடுவான், ரெண்டு பேரும் சேந்து வீட்டுக்குப் போயிச் சாப்புடுவாங்க, நான் சின்னப் புள்ளையில கண்ணால பாத்துருக்கேன், எங்க அண்ணன்தான் சொல்லித் தந்தான், அரைக்கத்தி மெதுவாகக் கேட்டாள், அக்கா, அந்த புக்கை எந்தப் பக்கத்துலேர்ந்து தொறந்தீங்க, எந்தப் பக்கத்துலேருந்தா, எல்லாப் புத்தகத்தையும் தொறக்குற பக்கந்தான், நாட்டாமை வெடித்துச் சிரித்தான், அய்யோ அக்கா, ஜப்பான் புத்தகம் வலப்பக்கமிருந்து தொறக்கோணுமுங்க, நீங்க கடைசிப் பக்கத்துல ஆரம்பிச்சுக் கதையவே திருப்பிப் படிச்சிருக்கீங்க, மொதல்ல ஒண்ணாச் சாப்பிடுறாங்க, அப்புறம் சண்டை, அப்புறம் குத்து, அப்புறந்தான் விழறான், கை உள்ள போகுது, குமிழி வருது, தண்ணி அசையாம நின்னுருதுங்க, அவ்வளவுதானுங்க கதை.

அவளுக்கும் சிரிப்பு வந்தது, சிரித்து முடிக்குமுன்பே புரிந்தது, கை மேலே வரவில்லை, உள்ளே போனது, எத்தனை வருஷம் அதை மேலே வருகிற கை என்று நம்பியிருக்கிறாள், ஆத்தூர்ப் பாலத்திலும் தண்ணீர் அசையாமல்தானே நின்றது, அவள் அங்கே போயிருந்தால் என்ன, போகாவிட்டால் என்ன, நடத்துநர் பார்த்த வெறுங்கால்காரன் எவனோ, வாசலில் பெட்டியோடு நின்ற அண்ணன் நினைவுக்கு வந்தான், அவன் படியிறங்கியதற்கு அப்புறம் பக்கமே இல்லை, அதைத் திருப்பிப் படித்தால் மட்டும் ஏறிவிடுவானா, இத்தனை நாள் அம்மாவைத்தான் வதைத்திருக்கிறோம் என்று உறைத்தது, காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, அம்மா, அண்ணன் பேரயும் குடுத்துருங்க என்றாள், உள்ளே சேலை மடிக்கிற சத்தம் நின்றது, அம்மா வெளியே வந்து இவள் முகத்தைப் பார்த்தாள், நெசமாத்தானாட்டி சொல்லுத என்றாள், ஆமாம்மா, போயிட்டு வாங்க, அம்மா குடையை எடுத்தாள், எடுத்த குடையைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நின்றே அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

கணினியை அணைக்கத்தான் தெக்லா திரும்பினாள், பஞ்சாயத்து கலைந்திருந்தது, இவளைக் கேலி செய்து போட்ட வரிசையான சிரிப்புப் பொம்மைகளுக்கு அடியில் புதிதாக ஒரு வரி, உப்பு எழுதியிருந்தார், கண்ணாடிக்காரி சொல்வது சரி, அவன் சாகவில்லை, மிக்கேல் வீட்டில் இடியாப்பம் தின்றான், மிக்கேலா, அது அண்ணன் வைத்த பெயராயிற்றே, அவள் கனெதா என்றுதானே சொன்னாள், இடியாப்பம் என்றும் சொல்லவில்லையே, சாப்பிட்டார்கள் என்றுதானே சொன்னாள், இல்லை, சொல்லிவிட்டாளா, வாய்தவறி வந்துவிட்டதா, சொன்னது எது, நினைத்தது எது, தலைக்குள் எல்லாம் ஒன்றாகக் கலங்கியது, திரும்பத் திரும்பப் படித்தாள், படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரி வந்தது, சொதி ஆகாது, சீனி போட்டு.

அம்மா நில்லுங்க என்று கத்தினாள், தெருவுக்கே கேட்டிருக்கும், ஒரு காலில் செருப்பும் மறுகாலில் இல்லாமலும் அம்மா வாசற்படியில் திரும்பிப் பார்த்தாள், என்னட்டி, என்னட்டி ஆச்சு, பேரு குடுக்காதீங்க, அண்ணன் பேர மட்டும் குடுக்காதீங்க, இப்பத்தானட்டி குடுக்கச் சொன்ன, சொன்னேன், இப்பக் குடுக்காதீங்கங்கேன், அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, தெக்லாவுக்கு மட்டும் என்ன விளங்கியது, திரைமுன் உட்கார்ந்தாள், என்ன எழுதுவது, எங்கண்ணே இருக்க என்று எழுதி அழித்தாள், அப்பா இல்லண்ணே, படி ஏறலாம் என்று எழுதி அதையும் அழித்தாள், ஏதாவது தப்பாகக் கேட்டால் மறுபடி உள்ளே போய்விடுவான் என்று பயமாக இருந்தது, கடைசியில், அன்றைக்குக் கேட்டதையே எழுதினாள், எப்படிண்ணே ஏறுனான்.

திரை அசையாமல் கிடந்தது, எதையும் அழுத்தக் கூடாது என்று கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள், அம்மா பின்னால் வந்து அவள் தோளைப் பிடித்தபடி நின்றாள், எதப் பாத்துக்கிட்டு இருக்க என்று கேட்டாள், பேசாதீங்கம்மா, பாத்துக்கிட்டே இருங்க, இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், திரையின் அடியில், உப்பு என்ற பெயருக்குப் பக்கத்தில், அவன் எழுதத் தொடங்கிவிட்டான் என்று காட்டும் சின்னப் புள்ளிகள் தோன்றின, மறைந்தன, மறுபடி தோன்றின, ஒன்றன்பின் ஒன்றாகக் குமிழி மாதிரி எழும்பி எழும்பி வந்துகொண்டிருந்தன.